நாம் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டைத் தொடர்ந்து கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



நான் இறையியல் படித்தவள் அல்ல, வைத்தியர். கிறிஸ்தவ ஒற்றுமை பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டபோது, “இதற்கு ஒரு குருவானவரைக் கேட்டிருக்கலாமே” என்றேன். “குருவானவரைக் கேட்டால், எந்தச் சபைக் குருவானவர் என்ற கேள்வி முதலில் வரும். அதுதான் உம்மைக் கேட்கிறோம்” என்று பதில் வந்தது. எனக்குத் தரப்பட்ட தலைப்பின் சங்கடம் முழுவதும் அந்தப் பதிலிலேயே அடங்கியிருந்தது.

இந்த மண்டபத்தில் சைவ மரபில் வந்த சகோதரிகள் பலர் இருக்கிறீர்கள். இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று எண்ண வேண்டாம். இந்தக் கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்டவளே ஒரு சைவத் தோழிதான். ஏழாம் வகுப்பில் பக்கத்து மேசைக்காரி. “நீங்கள் எல்லாரும் ஒரே சாமியைத்தானே கும்பிடுறியள்? பிறகேன் ஒரு றோட்டில மூண்டு சேர்ச்?” என்று கேட்டாள். அவள் பகிடியாகக் கேட்கவில்லை; விளங்கத்தான் கேட்டாள். கிறிஸ்து தம் பாடுகளுக்கு முந்திய இரவில் சீடர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று மன்றாடியதை யோவான் நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நம்பும்படியாகவே அந்த ஒற்றுமையை அவர் கேட்டார். ஆகவே அந்தத் தோழிக்குப் பதில் சொல்லும் கடமை எமக்கு உண்டு.

வரலாற்றுப்படி பதில் எளிது. போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க மறை யாழ்ப்பாணத்துக்கு வந்தது. ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையைக் கொண்டுவந்து கத்தோலிக்கரை ஒடுக்கினார்கள். 1687இல் யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து ஒளித்திருந்த மக்களுக்கு ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் 1814இல் மெதடிஸ்த மிஷனும், 1816இல் அமெரிக்க மிஷனும், 1818இல் அங்கிலிக்கன் மரபின் சேர்ச் மிஷனும் இங்கே பணி தொடங்கின. அவர்கள் தங்களுக்குள் சண்டை பிடிக்காமல் ஊர்களைப் பிரித்துக்கொண்டு பாடசாலைகளைக் கட்டினார்கள். அதனால் எங்கள் பாட்டிமார் எந்தச் சபையைச் சேர்ந்தார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது இறையியல் அல்ல, எந்த மிஷன் பாடசாலை நடந்துபோகும் தூரத்தில் இருந்தது என்பதுதான். ஜெனீவாவிலும் கன்ரபரியிலும் எழுந்த வழக்குகள் எமக்குச் சீதனமாக வந்தன. வழக்கைத் தொடங்கியவர்கள் நாங்கள் அல்ல. ஆனாலும் அதைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இத்தனை பிரிவுக்குள்ளும் பிரியாத ஒன்று உண்டு. விடுதியில் இருந்தவர்களுக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாக வெவ்வேறு ஆலயங்களுக்குப் போனோம். பாட்டு வேறு, ஒழுங்கு வேறு, முழங்காலில் நிற்கும் நேரம் வேறு. ஆனால் ஒரு கட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னோம். அதன் பெறுமதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அப்போஸ்தலர் பிரமாணம் என்று நாம் சொல்வதைப் பன்னிரு சீடரும் ஆளுக்கொரு வாக்கியமாகத் தந்தார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு. அது கதைதான். உண்மையில் அது ஞானஸ்நானத் தொட்டியருகே பிறந்தது. ஆதிச்சபையில் தண்ணீரில் இறங்கியவரிடம் பிதாவை, குமாரனை, பரிசுத்த ஆவியை நம்புகிறாயா என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. அந்தக் கேள்விகளுக்கான பதில் ரோமாபுரிச் சபையில் வளர்ந்து, ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்களுக்கு அதை எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கவில்லை. வாயால் சொல்லிக்கொடுத்தார்கள், அவர்கள் மனப்பாடம் செய்து சபைக்கு முன் திரும்பச் சொன்னார்கள். இதைத் தாளில் எழாமல் இருதயத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று புனித அகுஸ்தீன் தம் பிரசங்கங்களில் புத்தி சொன்னார்.

நிசேயா பிரமாணத்தின் பிறப்பு வேறு. அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற குருவானவர், குமாரனும் படைக்கப்பட்டவரே, எல்லாப் படைப்புக்கும் மேலானவர், ஆனால் பிதாவைப் போலக் கடவுள் அல்ல என்று போதித்தார். சபை இரண்டாகப் பிளந்தது. கி.பி. 325இல் கொன்ஸ்தந்தீன் பேரரசர் இன்றைய துருக்கியில் உள்ள நிசேயாவுக்குப் பேராயர்களை அழைத்தார். ஏறத்தாழ 300 பேர் வந்தார்கள். துன்புறுத்தல் ஓய்ந்து அதிக காலம் ஆகவில்லை. கைகள் சுடப்பட்டுச் செயலிழந்த ஒருவரும், ஒரு கண்ணை இழந்த ஒருவரும் அவர்களிடையே இருந்ததாகப் பழைய சபை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வைத்தியராக எனக்கு இந்தச் செய்தி மனதில் நின்றுவிட்டது. அந்த வாக்கியங்களை இயற்றியவர்களிற் சிலர், அவற்றுக்காகத் தங்கள் உடலில் விலை கொடுத்தவர்கள்.

குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இது சொல்லுக்காகப் போட்ட சண்டை என்று பலர் நினைப்பதுண்டு. நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். கடும் நோயில் கிடக்கும் ஒருவரிடம் வைத்தியர் தாமே வந்தாரா, அல்லது ஒரு நல்ல ஆளிடம் கடிதம் கொடுத்து அனுப்பினாரா? கடிதம் கொண்டுவந்தவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும், வைத்தியர் வரவில்லை என்பதே நோயாளிக்குச் செய்தி. கிறிஸ்துவில் கடவுள் தாமே வந்தார் என்பதை விட்டுக்கொடுக்க நிசேயாவில் கூடியவர்கள் சம்மதிக்கவில்லை. அப்போது உதவிக்குருவாக இருந்த அத்தனாசியு, பின்பு பேராயராகி, அந்த நம்பிக்கையின் பொருட்டு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கத்தோடு இப்பிரமாணம் விரிவடைந்தது. பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதியும், திருச்சபை ஒன்று என்ற அறிக்கையும் அதில் இடம்பெற்றன.

அந்த “ஒன்று” என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பட்டினத்தில் பக்கத்துப் பக்கத்து ஆலயங்களில், ஒரே மணித்தியாலத்தில், வெவ்வேறு கூட்டமாக நின்றுகொண்டு, திருச்சபை ஒன்று என்று அறிக்கையிடுகிறோம். எங்கள் பிரிவினையை வாரந்தோறும் கண்டிக்கும் சாட்சி எங்கள் வாயிலேயே இருக்கிறது. அந்தச் சாட்சி இல்லாமற் போனால் பிரிவினை எங்களுக்கு இயல்பாகிவிடும், உறுத்தாது.

பிரமாணம் எதைச் சொல்கிறது என்பது போலவே, எதைச் சொல்லவில்லை என்பதும் முக்கியம். சபையைப் பேராயர் நடத்த வேண்டுமா, மூப்பர் நடத்த வேண்டுமா என்று அது சொல்லவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, எந்த மொழியில் தொழ வேண்டும், பாட்டுக்கு ஆர்மோனியமா பியானோவா என்ற எதையும் அது பேசவில்லை. இயேசுவைத் தவிர இரண்டே மனிதரின் பெயர்கள் அதில் உண்டு: அவரைப் பெற்ற மரியாள், அவரைக் கொல்ல ஒப்புக்கொடுத்த பிலாத்து. இன்ன தேசாதிபதியின் காலத்தில் நடந்தது என்று சொல்கிறது.

வைத்தியசாலையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பெட்ஹெட் ரிக்கற் உண்டு. கடமை மாறும்போது அடுத்த வைத்தியர் முதலில் அதைத்தான் பார்ப்பார். நோயாளியின் முழு வாழ்க்கையும் அதில் இராது. ஆனால் பிழைக்கக்கூடாத சில விடயங்கள் அதில் இருக்கும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று யாரோ ஒருவர் இரவு இரண்டு மணிக்கு எழுதி வைத்த ஒரு வரி, அவரை ஒருநாளும் கண்டிராத இன்னொருவரின் கையால் ஓர் உயிரைக் காப்பாற்றும். யாரும் அந்த ரிக்கற்றில் அன்பு வைப்பதில்லை, நோயாளியில்தான் அன்பு. ஆனாலும் அதைக் கிழித்தெறிந்துவிட்டு நான் நோயாளியை நேசிக்கிறேன் என்று சொல்பவரிடம் நான் விடுதியை ஒப்படைக்க மாட்டேன். பிரமாணமும் அப்படித்தான். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கடமையை ஒப்படைக்கும்போது கைமாற்றிய சுருக்கக் குறிப்பு அது.

அதன் பயனை நான் கண்ணால் கண்டது 1995இல். ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே எழுந்து நடந்ததை இங்கிருக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு அப்போது 15 வயது. கொடிகாமப் பக்கம் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தோம். ஞாயிறு வந்தது. அந்த மண்டபத்தில் கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபையினர் என்று எல்லாக் குடும்பங்களும் இருந்தன. குருவானவர் ஒருவரும் இல்லை. செபப் புத்தகங்கள் வீட்டோடு போய்விட்டன. யாருடைய ஒழுங்கில் ஆராதனை நடத்துவது? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, “எல்லாருக்கும் தெரிஞ்சதைச் சொல்லுவம்” என்றார். கர்த்தருடைய செபத்தைச் சொன்னோம். பிறகு விசுவாசப் பிரமாணம். நாங்கள் “தேவன்” என்ற இடத்தில் கத்தோலிக்க ஆச்சிமார் “சர்வேசுரன்” என்றார்கள். சபையைப் பற்றிய இடத்தில் நாங்கள் “பொது” என்றோம். அவர்கள் “கத்தோலிக்க” என்றார்கள். குரல்கள் ஒன்றோடொன்று இடறின. யாரும் நிறுத்தவில்லை. ஆமென் என்ற இடத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம்.

பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: அந்த இரண்டு சொற்களும் ஒரே கிரேக்கச் சொல்லின் இரண்டு வடிவங்கள். கத்தோலிக்க என்றால் பொது. முழுமைக்கும் உரியது, எல்லா இடத்துக்கும் உரியது என்று பொருள். இடறிய இடத்திலும் நாங்கள் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறோம்.

ஆனால் பிரமாணம் ஒன்றே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. நிசேயா பிரமாணமே ஒரு பிரிவினைக்குக் காரணமாகவும் இருந்தது. பரிசுத்த ஆவி பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்ற இடத்தில், குமாரனிடமிருந்தும் என்ற சொல்லை மேற்குத் திருச்சபை பிற்காலத்தில் சேர்த்தது. 1014ஆம் ஆண்டளவில் ரோமாபுரியிலும் அது வழக்கமாயிற்று. எல்லோருக்கும் பொதுவானதை ஒரு பகுதியினர் தனியே திருத்தலாமா என்று கிழக்குத் திருச்சபைகள் கேட்டன. 1054இல் நிகழ்ந்த பெரும் பிளவின் காரணங்களில் இதுவும் ஒன்று. பொதுச்சொத்தில் ஒருவர் தனியே கைவைத்தால் என்ன நடக்கும் என்பது காணி உறுதி தெரிந்த யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 2025இல் நிசேயாவின் 1700ஆவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் திகதி பாப்பரசர் 14ஆம் லியோவும் கொன்ஸ்தாந்திநோப்பிளின் முதுபெரும் பிதா பர்த்தலமேயுவும் அந்த ஊரிலே, பழைய ஆலயம் ஒன்றின் இடிபாடுகளுக்கு அருகில் சேர்ந்து செபித்தார்கள். பிளவு இன்னும் ஆறவில்லை. ஆனால் இரு பகுதியினரும் சேர்ந்து நிற்கத் தேர்ந்த இடம் அது.

எமது பக்கத்திலும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய தென்னிந்தியக் குருமார், பேராயர் அசரியா அவர்களும் அவர்களில் ஒருவராக, ஒன்றிணைவுக்கு நான்கு அடிப்படைகளை முன்வைத்தார்கள். வேதாகமம், அப்போஸ்தலர் மற்றும் நிசேயா பிரமாணங்கள், இரு திருவருட்சாதனங்கள், வரலாற்று வழிவந்த பேராயத்துவம் என்பன அவை. 28 ஆண்டுகள் பேசினார்கள். 1947 செப்ரெம்பர் 27ஆம் திகதி சென்னையில் தென்னிந்திய திருச்சபை உதயமானது. எங்கள் அமெரிக்க மிஷன் சபைகள் யாழ்ப்பாண ஆதீனமாக அதில் சேர்ந்தன; சபாபதி குலேந்திரன் அவர்கள் முதற் பேராயரானார்கள். பிரமாணங்களின் அடிப்படை உண்மைகளை ஏற்ற அந்தச் சபை, அவற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டும் என்று கேட்கவில்லை. நியாயமான பொருள்கொள்ளும் சுதந்திரத்துக்கு இடம் விட்டது. பிரமாணத்தைப் பொலிஸ்காரனின் தடியாக ஆக்காமல் ஏற்றுக்கொள்ளலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

ஆனால் இங்கே நாம் தலைகுனிய வேண்டிய ஒன்றும் உண்டு. சென்னையில் ஒன்றாகிய மரபுகள் யாழ்ப்பாணத்தில் இன்றும் வெவ்வேறாகவே இருக்கின்றன. இங்குள்ள அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் இலங்கைச் சபைகளோடு சேர்ந்தவை. இலங்கைக்கென அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற், பிரெஸ்பிற்றேரியன் சபைகளும் யாழ்ப்பாண ஆதீனமும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தன. எங்கள் மண்ணின் டி. ரி. நைல்ஸ் போன்றவர்கள் இந்த ஒற்றுமைக்காக உலக அரங்குகளில் உழைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் கைகூடும் தறுவாயில் திட்டம் நின்றுபோயிற்று. பிறகு போர் வந்தது. உயிரைக் காப்பதே பெரும்பாடாயிற்று. இன்று அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

இதன் வலி குடும்பங்களுக்குள் இருக்கிறது. என் நெருங்கிய தோழி ஒருத்தி கத்தோலிக்கரை மணந்தவள். இருபது வருட நல்ல தாம்பத்தியம். ஞாயிறு காலையில் ஒரே காரில் புறப்படுவார்கள். அவள் ஓர் ஆலயத்தில் இறங்குவாள், அவர் அடுத்த ஆலயத்துக்குப் போவார். பிரமாணத்தை இருவரும் சொல்கிறார்கள். அப்பத்தை இருவரும் சேர்ந்து உண்ண முடியாது. “ஒரே சட்டியில சமைச்சுச் சாப்பிடுறம், அங்க மட்டும் ஏலாது” என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவளுக்குக் கிடைத்தது ஒன்றுண்டு: 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஒன்றிப்பு பற்றிய ஏட்டின் வழியில், மற்றச் சபைகளில் முறையாகப் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை மதிக்கிறது. அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க யாரும் கேட்கவில்லை. தொட்டியருகே கேட்கப்பட்ட மூன்று கேள்விகளுக்கும் அவள் சொன்ன பதிலே அவர்கள் சொன்னதும் என்பதுதான் காரணம். பிரமாணம் எங்களை வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது. உள்ளே ஒரே பந்தியில் அமரும் நாளுக்காக உழைக்க வேண்டியது மிச்சம்.

வேதாகமம் இருக்கப் பிரமாணம் எதற்கு என்று கேட்கும் சபைகள் இன்று பெருகியிருக்கின்றன. வெளிநாடுகளில் உங்களிற் பலரின் பிள்ளைகள் அத்தகைய சபைகளுக்குப் போகிறார்கள். அங்கே உற்சாகம் உண்டு, அன்பு உண்டு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆரியுவும் வேதாகமத்தைத்தான் மேற்கோள் காட்டினார். எழுதப்பட்ட பிரமாணம் இல்லாத சபையிலும் ஒரு பிரமாணம் இருக்கும். அது அந்தந்தப் போதகரின் மனதில் இருக்கும். போதகர் மாறினால் அதுவும் மாறும். ஏழைக் கிழவியும் பேராயரும் ஒரே வசனத்தைச் சொல்லும்போது, பேராயர் வழி தவறினால் கிழவியால் கண்டுபிடிக்க முடியும்.

வாயால் மட்டும் சொல்லிப் பயன் என்ன என்றும் கேட்கலாம். நான் வேலை செய்த விடுதியில் ஒரு வயோதிப அம்மா இருந்தார். மறதி நோய் முற்றியிருந்தது. மகனை “தம்பி, நீர் ஆர்?” என்று கேட்பார். ஒரு மாலை, கத்தோலிக்கரான தாதி ஒருவர் அவர் கட்டிலருகே மெதுவாகப் பிரமாணத்தைச் சொல்லத் தொடங்கினார். இரண்டாம் வாக்கியத்தில் அம்மா சேர்ந்துகொண்டார். தாதி நிறுத்திவிட்டார், அம்மா தம்முடைய சபையின் சொற்களில் கடைசிவரை சொல்லி முடித்தார். சிறு வயதில் பலமுறை சொல்லிப் பதிந்தவை மற்றெல்லாம் போனபின்பும் தங்கும் என்பதை வைத்தியர்கள் அறிவோம். மகன் கதவருகே நின்று அழுதார். பிறகு அந்த மகன் தினமும் வந்து அவரோடு சேர்ந்து அதைச் சொன்னார். தாயும் மகனும் பேசிக்கொள்ள மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

சகோதரிகளே, மாநாடுகள் செய்ய வேண்டியதை மாநாடுகள் செய்யட்டும். எங்களால் செய்யக்கூடியவை மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரமாணத்தைத் தமிழில் மனப்பாடமாக்குங்கள். ரொறன்ரோவிலோ சிட்னியிலோ அவர்கள் எந்தச் சபைக்குப் போனாலும் அது அவர்களோடு போகும். இரண்டாவது, எமது சங்கத்தின் வருடாந்த நன்றி வழிபாடு வழமையாக ஒரே ஆலயத்தில் நடக்கிறது. இனி வருடத்துக்கு ஓர் ஆலயமாக, கத்தோலிக்க ஆலயம் உட்பட, அந்தந்தக் குருவானவர்களின் சம்மதத்தோடு நடத்தலாம் என்று செயற்குழுவுக்கு முன்மொழிகிறேன். கிளைகளும் இதைச் செய்யலாம். மூன்றாவது, ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான செப வாரம் அனுசரிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் வேறொரு சபைத் தோழியின் ஆலயத்துக்கு ஒருமுறை போய், அவளுக்குப் பக்கத்தில் நின்று பிரமாணத்தைச் சொல்லுங்கள். சொற்கள் இடறினால் இடறட்டும்.

எங்கள் கல்லூரி எந்தச் சபைப் பிள்ளை, எந்தச் சமயப் பிள்ளை என்று பார்த்து எங்களுக்கு வாங்கில் இடம் தரவில்லை. அடுத்தடுத்து இருக்கவைத்துப் படிப்பித்தது. அந்தப் பழக்கத்தை ஆலயத்துக்கும் கொண்டுபோவது பழைய மாணவிகளாகிய எங்களால் முடியாத காரியமல்ல. பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியுமாகிய கடவுள் இந்தக் கல்லூரியையும், இதில் படித்து உலகெங்கும் பரந்திருக்கும் எம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.